குழந்தை ஆகாது

கார்குழலி என்று பெயர் வைத்தவர்கள் தலைமுடியைப் பார்த்து வைத்தார்கள். அந்த முடி இன்றைக்கும் இடுப்புக்குக் கீழே கறுகறுவென்று கிடக்கிறது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எதிரே வருகிறவர்கள் முடியையா பார்க்கிறார்கள்?

பரு வராத பெண் யார்? எல்லோருக்கும் வரும், கொஞ்ச நாள் படுத்திவிட்டுப் போய்விடும். இவளுக்கு வந்தது போகவில்லை. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து கன்னம், தாடை, கழுத்து என்று கட்டி கட்டியாய்க் கிளம்பிக்கொண்டே இருந்தது. ஒன்று பழுத்து உடைவதற்குள் இன்னொன்று உள்ளே வலிக்கத் தொடங்கிவிடும். உடைந்த இடம் குழி விழும். ஒருக்களித்துப் படுத்தால் காலையில் தலையணை உறையில் ரத்தம் இருக்கும். ஊர் சும்மா இருக்குமா? எல்லாம் உஷ்ணம் என்றார்கள். வேப்பிலை, சந்தனம், சோற்றுக்கற்றாழை என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு வெள்ளை க்ரீம் பத்து நாள் பளபளப்பைக் காட்டிவிட்டு, பிறகு இருந்ததையும் கெடுத்தது. "கல்யாணம் ஆனா தானா போயிடும்" என்றார்கள். கல்யாணம் ஆனது, போகவில்லை. உடனே "ஒரு புள்ள பொறந்தா போயிடும்" என்று ஆரம்பித்தார்கள். யோசனை சொல்வதற்கு மட்டும் நம் ஜனங்களுக்கு அலுப்பே வராது.

அவளுக்கு வேலை நேரு வீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில். முகூர்த்தப் பட்டுப் பிரிவு. அங்கே புடவையை மேஜையில் விரித்துக் காட்டினால் போதாது. விற்கிற பெண் முந்தானையைத் தன் தோளில் போட்டு, கொசுவத்தை விரலால் பிடித்துக் காட்ட வேண்டும். கல்யாணப் பெண்ணின் சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து அவள் கழுத்துக்கு மேலேயும் கீழேயும் பார்ப்பார்கள். கார்குழலிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எந்த நிறத்துக்கு எந்த பார்டர் எடுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

ஒருநாள் விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்திருந்தது. பெண்ணின் தாயார் இவளைப் பார்த்த கணத்திலிருந்தே நெளிந்துகொண்டிருந்தாள். சந்தன நிறப் பட்டு ஒன்றை இவள் தோளில் போட்டபோது வாய் விட்டே சொல்லிவிட்டாள்.

"நீ கொஞ்சம் தள்ளிப் புடிச்சிக் காட்டும்மா. பொடவையில பட்டுடப் போவுது."

சொல்லி வாய் மூடவில்லை, பட்டுவிட்டது. தாடையில் இருந்த ஒரு கட்டி எப்போது உடைந்ததென்று அவளுக்கே தெரியாது. சந்தன நிறத்தின் மேல் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. கல்யாணப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் குடும்பம் எழுந்து வேறு கடைக்குப் போனது.

பட்டுப் பிரிவு சூப்பர்வைசர் நாராயணசாமி திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். மறுநாள் காலையில் "நீ மேல நைட்டி செக்‌ஷனுக்குப் போம்மா, இங்க நான் பாத்துக்குறேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நைட்டி பிரிவில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. சைஸைக் கேட்பார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அவள் அழுத அழுகையைப் பார்த்துத்தான் புருஷன் கலைவாணன் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு லாஸ்பேட்டைக்குப் போனான். சேதராப்பட்டில் பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். நல்லவன். எது நடந்தாலும் "பாத்துக்கலாம்" என்பான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே வாழ்க்கையை ஓட்டிவிடலாம் என்று நம்புகிற ஆள்.

தோல் டாக்டர் சின்ன வயசுக்காரி. விளக்கை முகத்தருகே இழுத்துப் பார்த்தாள். பூசுகிற மருந்துக்கெல்லாம் இது அடங்காது, மாத்திரைதான் வழி என்றாள். ஆறேழு மாதம் சாப்பிட வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு முகம் சுத்தமாகிவிடும், புதிதாகக் குழி விழாது என்றாள். பிறகு மறுபக்கத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். உதடு வெடிக்கும். கண் காயும். மூக்கில் ரத்தம் வரலாம். கல்லீரலையும் கொழுப்பையும் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிலருக்கு மனசு சோர்ந்துபோகும், அப்படி இருந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும். "முக்கியமா, ஸ்ட்ரிக்ட்லி நோ ப்ரெக்னன்ஸி. அதை சிஸ்டர் விவரமா சொல்லுவாங்க" என்றாள். வெளியே கூட்டம் நின்றது.

கலைவாணன் கீழே மருந்துக்கடைக்கு இறங்கினான். ரூபி சிஸ்டர் கார்குழலியை நடைவழியில் ஓர் ஓரமாக நிறுத்தினாள். சிஸ்டர் என்றால் நர்ஸ். சர்ச்சு, ஜெபம் என்று இருக்கிற அம்மா, கொச்சையாக ஒரு வார்த்தை அவள் வாயில் வராது. இரண்டு பக்கமும் பெஞ்சில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்த மாத்திரை சாப்புடறப்ப வெயில் ஆவாதும்மா. வேற வைட்டமின் மாத்திரை எதுவும் ஆவாது. மொகத்துக்கு ப்ளீச் கீச்சுன்னு போடறது ஆவாது. அப்பறம்…" என்று பக்கவாட்டில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "கொழந்த ஆவாது."

"ஆவாதா சிஸ்டர்?"

"ஆவவே ஆவாது. மாத்திரைய நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் ஆவாது. மாசா மாசம் வந்து டெஸ்ட் குடுத்துட்டுதான் அடுத்த மாத்திரை வாங்கணும். பாத்து நடந்துக்கங்க, என்ன?"

கார்குழலி தலையை ஆட்டினாள். ரூபி சிஸ்டர் தன் கடமை முடிந்த நிம்மதியில் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஆகாது என்பது நம் மொழியில் இரண்டு வேலை பார்க்கிற சொல். கருவாடு உடம்புக்கு ஆகாது என்றால் தின்னாதே என்று பொருள். அவளுக்கு இன்னும் குழந்தை ஆகவில்லை என்றால் உண்டாகவில்லை என்று பொருள். ரூபி முதல் ஆகாதைச் சொன்னாள். கல்யாணமாகி இரண்டாவது வருஷத்தில், ‘ஆச்சா, ஆச்சா’ என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்கும் பெண்ணின் காதில் இரண்டாவது ஆகாதுதான் விழுந்தது. "உண்டாகிவிட்டால் குழந்தை ஊனமாகப் பிறக்கலாம், அதனால் உறை போடுங்கள், இல்லாவிட்டால் அதற்கென்று உள்ள மாத்திரையைச் சாப்பிடுங்கள்" என்று நேராகச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு வெந்தா போய்விடும்? யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கூச்சத்தைப் பண்பாடு என்று வளர்த்து வைத்திருக்கிற நம் எல்லோர் மேலும்தான் கோபப்பட வேண்டும்.

கீழே கரும்புச்சாறு வண்டியருகே இருவரும் நின்று யோசித்தார்கள். யோசித்தார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டார்கள்.

"ஒதடு வெடிச்சா வெண்ணெ தடவிக்கிறேன். ரத்தம் எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க" என்றாள் அவள். "ஆனா மாத்திரை சாப்புடற வரைக்கும் கொழந்த ஆவாதாம். சிஸ்டர் ரெண்டு வாட்டி சொன்னாங்க. அத்த என்ன சொல்லுவாங்களோ."

கலைவாணன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஒரு சின்னப் படம். வயிறு பெருத்த ஒரு பெண், அவள் மேல் குறுக்கே ஒரு கோடு.

"இதோ, படமே போட்டுருக்கான் பாரு. புள்ள நிக்காதுன்னு. அப்ப நாம தனியா ஒன்னும் பண்ண வேணாம். ஆறு மாசந்தான. அம்மாகிட்ட மொகத்துக்கு மாத்திரைன்னு மட்டும் சொல்லு. பாத்துக்கலாம்."

அவளுக்கும் அது சரியாகப்பட்டது. முகத்துக்காகக் குழந்தையை ஆறு மாதம் தள்ளிப்போடுகிறோம், அதுதான் இந்த மருந்துக்குக் கொடுக்கிற விலை என்று கணக்குப் போட்டாள். மாமியாரை ஏமாற்றுகிறோமே என்று மட்டும் மனசு குத்தியது.

மாமியார் ஆதிலட்சுமி கெட்டவள் இல்லை. மில் மூடியபின் வேலையில்லாமலே செத்துப்போன புருஷனை மறந்துவிட்டு, காலேஜ் கேன்டீனில் காய் நறுக்கி மகனை ஆளாக்கியவள். கருவடிக்குப்பத்தில் அவர்கள் இருக்கிற ஒண்டுக் குடித்தனத்தில் நாள் முழுக்க ஒரு குழந்தைச் சத்தம் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் அவள் ஆசை. அதைக்கூட மருமகளிடம் நேராகக் கேட்டதில்லை. மாதாமாதம் அவள் தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் ஒரு பெருமூச்சு விடுவாள்.

மாத்திரை சொன்னபடியே வேலை செய்தது. முதலில் முகம் இன்னும் மோசமானது. பிறகு உதடு உரிந்தது, சிரித்தால் வெடித்து ரத்தம் வந்தது. அவள் தினமும் ராத்திரிச் சோற்றோடு ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள். ஒரு மாதம் டெஸ்டுக்குப் போனாள். அடுத்த மாதம் ஆடித் தள்ளுபடி, கடையில் யாருக்கும் லீவு கிடையாது. கருவடிக்குப்பம் மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டினாள், கேட்காமல் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு லாஸ்பேட்டைப் பக்கம் போகவே இல்லை.

ஆவணி பிறந்தபோது கட்டிகள் வற்றிவிட்டன. குழிகள் இருந்தன, ஆனால் புதிதாக ஒன்றும் கிளம்பவில்லை. தடவிப் பார்த்தால் கைக்குத் தோல் தட்டுப்பட்டது. முகூர்த்த சீசனுக்கு ஆள் போதாமல் நாராயணசாமி மேலே ஏறி வந்தவர், அவளைப் பார்த்துக் கொஞ்சம் நின்றார். "நாளைக்குக் கீழ வந்துடும்மா" என்றார். பட்டுப் பிரிவின் பெரிய கண்ணாடி முன்னால் மாம்பழ மஞ்சள் முந்தானையைத் தோளில் போட்டு, கொசுவத்தை விரலால் பிடித்து ஒருமுறை தனக்கே காட்டிப் பார்த்துக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்று சொன்னால் அந்த ஆவணி மாத நாட்களைத்தான் சொல்ல வேண்டும்.

நாள் தள்ளிப்போனது. அவள் பயப்படவில்லை. உதட்டை, கண்ணை, மூக்கை எல்லாம் வறள வைக்கிற மாத்திரை இதையும் வறள வைத்திருக்கிறது என்று நினைத்தாள். அதுதான் ஆகாதே. மாத்திரையை விடாமல் சாப்பிட்டாள். கண்டுபிடித்தது ஆதிலட்சுமி.

"ஏண்டி, போன மாசமும் நீ தலைக்கு ஊத்திக்கல, இந்த மாசமும் ஊத்திக்கல. என்ன சேதி?"

கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தானே மெடிக்கலுக்குப் போய் கார்டு வாங்கி வந்தாள். இரண்டு கோடு விழுந்தது. ஆதிலட்சுமி சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு பிடி அள்ளி மருமகள் வாயில் போட்டாள். "அதான பாத்தேன். மொகம் இப்பிடித் தெளிஞ்சிருக்கேன்னு. மாத்திரையாவது ஒன்னாவது. பொம்பளப் புள்ளதான், சந்தேகமே இல்ல. வவுத்துல இருக்கறது வெளிய தெரியுது பாரு" என்றாள். பக்கத்துக் குடித்தனத்துக்கெல்லாம் அன்றைக்கே செய்தி போய்விட்டது.

கார்குழலிக்கும் சந்தோஷம்தான். கொஞ்சம் குழப்பமும் இருந்தது. மறுநாள் கடைக்குப் போகிற வழியில் லாஸ்பேட்டையில் இறங்கி மாடியேறினாள்.

"சிஸ்டர், மாத்திரை சாப்பிட்டும் கொழந்த ஆயிடுச்சு" என்றாள் சிரித்துக்கொண்டே. "இனிமே மாத்திரைய நிறுத்திடலாமா?"

ரூபி கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். "என்னம்மா சொல்ற? ஆவாதுன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேனே."

"ஆமா சிஸ்டர், ஆவாதுன்னுதான் சொன்னீங்க. அதனாலதான் நாங்க ஒன்னும் பாக்காம இருந்துட்டோம்."

ரூபிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "மாதாவே, நான் அப்பிடிச் சொல்லலம்மா. உண்டாவக் கூடாதுன்னு சொன்னேன்" என்றாள். அப்போதுதான் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து முழுதாக வந்தது. டாக்டர் உள்ளே கூப்பிட்டாள். மாத்திரையை அந்த நிமிஷமே நிறுத்தச் சொன்னாள், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் வயதான ஒரு பெண் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள். அவளிடம் அவசரம் இல்லை.

"இந்த மருந்து பட்ட குழந்தைங்கள்ல நாலுல ஒன்னுக்குப் பெரிய பாதிப்பு இருக்கலாம். தலை, மூளை, இதயம், காது. சிலது தானாவே கலைஞ்சிடும். நல்லபடியாப் பொறக்கறதும் உண்டு. உன்னோடது எதுன்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது."

"ஸ்கேன்ல தெரியாதுங்களா?"

"சிலது தெரியும். மூளை எப்படி வேலை செய்யும்னு ஸ்கேன் சொல்லாது. வளந்த பிறகுதான் தெரியும். நான் வெச்சுக்கோன்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன். எதுன்னாலும் நாங்க கூட இருப்போம். ஆனா ரொம்ப நாள் தள்ளாதீங்க."

வெளியே வந்து ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் கலைவாணன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். எத்தனையோ தடவை எரிச்சல் மூட்டிய சொல்தான், அன்றைக்கு அதைக் கேட்டால் போதும் என்றிருந்தது. அவன் சொல்லவில்லை. "நீ என்ன சொல்றியோ அதுதான்" என்றான். கண் கலங்கியிருந்தது. அவனும் பாவம்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் மொத்தப் பாரத்தையும் அவள் தலையில் இறக்கிவைத்துவிட்டான்.

முன்பு உதட்டையும் கல்லீரலையும் வைத்து எடை போட்டார்களே, அது இப்போது விளையாட்டுப் போலத் தோன்றியது. நாலில் மூன்று நல்லபடியாக இருக்கலாம் என்று ஒரு நேரம் தோன்றும். அந்த ஒன்றாக இருந்தால் என்று உடனே தோன்றும். அப்படிப் பிறந்தாலும் பிள்ளை பிள்ளைதான், அதை அவள் ஒருநாளும் வெறுக்க மாட்டாள். ஆனால் காலையில் மூன்று பேரும் வேலைக்குப் போகிற வீடு. யார் தூக்கி வைத்துக்கொள்வது? தானும் போன பிறகு யார்? எல்லாவற்றையும்விட ஒன்று அவளைத் தின்றது. அது உண்டான நாளிலிருந்து தினமும் ராத்திரி சோற்றோடு சோறாக அவளே அதற்கு அந்த மாத்திரையை ஊட்டியிருக்கிறாள். முகம் தெளிகிறது, தெளிகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே ஊட்டியிருக்கிறாள். பட்டுப் பிரிவில் யாராவது கல்யாணப் பெண், "அக்கா, உங்க ஸ்கின் நல்லா இருக்கு, என்ன போடுறீங்க?" என்று கேட்டால் வேறு புடவை எடுக்கிற சாக்கில் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வீட்டில் ஆதிலட்சுமி பப்பாளியை உள்ளே விடவில்லை. குடத்தைத் தூக்க விடவில்லை. கேன்டீனில் சொல்லி மாங்காய் வாங்கி வந்து கீறி உப்பு தூவிக் கொடுத்தாள். "பேரு நான்தான் வெப்பேன்" என்று மகனிடம் சண்டை போட்டாள். ஒவ்வொரு நாளும் இதையெல்லாம் பார்க்கப் பார்க்க முடிவெடுப்பது கஷ்டமாகிக்கொண்டே போகும் என்று கார்குழலிக்குத் தெரிந்தது. ஒரு திங்கட்கிழமை, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கலைவாணனோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயா எடுத்த முடிவுதான?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள். அவளாக எடுத்த முடிவுதான். அதில்தான் ஒரு ஆறுதலும் இல்லை. யாராவது கட்டாயப்படுத்தியிருந்தால் அவர்களைத் திட்டிக்கொண்டாவது இருக்கலாம்.

மருந்து கொடுத்தார்கள். வலித்தது. எல்லாம் முடிந்தபின் மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். கலைவாணன் முன்னாலேயே போன் செய்து, கடையில் மயங்கி விழுந்தாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், கரு நிற்கவில்லை, நீ அலைய வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவள் கேட்டுப்பார்த்தாள். அவன் மாட்டேன் என்றுவிட்டான். அம்மாவுக்கு அந்தப் படம் போட்ட மாத்திரையை எந்த வார்த்தையில் விளக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

ஆதிலட்சுமி வாசலில் நின்று கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனாள். பாயைப் போட்டுப் படுக்க வைத்தாள். பூண்டு தட்டிப் போட்ட ரசத்தில் சோற்றைக் குழைத்துத் தானே ஊட்டினாள். அழுதிருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, ஆனால் மருமகள் முன்னால் அழவில்லை.

"ஒரு வார்த்த கேளுடி. போனது போச்சு. நீ கல்லு மாதிரி திரும்பி வந்துட்ட, அது போதும் எனக்கு. குடத்த நான் தூக்க வுடாம இருந்தேன், அந்தக் கடையில நாள் பூரா நிக்க வெச்சுட்டானுங்க. ஒம் மேல ஒரு தப்பும் இல்ல."

கார்குழலி சுவர்ப் பக்கம் திரும்பப் போனாள். ஆதிலட்சுமி விடவில்லை. தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். முன்பெல்லாம் ஒரு விரல் பட்டாலே துள்ளிப்போகிற இடம் அது. இப்போது வலி இல்லை. அவள் இரண்டு கைகளாலும் மருமகளின் கன்னத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் சடசடவென்று முறிந்தன.

"எவ கண்ணு பட்டுச்சோ. இவ்ளோ கஷ்டத்துலயும் மொகம் எப்பிடி லட்சணமா இருக்குது பாரு. அது வந்து குடுத்துட்டுப் போன அழகுடி இது. இதாவது நமக்குத் தங்கட்டும்."

அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று கார்குழலிக்குத் தெரியவில்லை. மாமியாரின் கைகளுக்குள்ளேயே அதை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.